வடகிழக்கு எந்தப் பக்கம்?

போன வாரம் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் ஒரு தும்மல் தும்மினேன்.

ஒன்றே ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மசால் கடலையில் மிளகாய்ப் பொடி கொஞ்சம் தூக்கல். அவ்வளவே விஷயம். ஆனால் பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, முந்தானைக்குள் இருந்தபடியே எனக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். பிறந்தது தா.பழூர் என்றேன்.

முந்தானை இறங்கிவிட்டது. அவருடைய மருமகளும் தா.பழூராம். அப்புறம் அரியலூர் வரைக்கும் மருமகள் புராணம்தான். நடுவில் நான் இன்னும் இரண்டு தும்மல் தும்மினேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

ஆக... தும்மல் பிரச்சினை இல்லை. அது எந்த ஊர்த் தும்மல் என்பதுதான் பிரச்சினை.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் முன் அனுபவம் உண்டு. அதுவும் அரசாங்க அனுபவம்.

கொரோனாவின் முதல் வருஷம். நான் அப்போது ஒரு பேரூராட்சி ஆபீஸில் உதவியாளர். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொல்ல மாட்டேன். அங்கேதான் இன்னும் குடியிருக்கிறேன், தெருவில் நடமாட வேண்டும்.

எங்கள் வீட்டு மாடியில் அப்போது ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். பேர் ஸுவாலி. சொந்த ஊர் மிசோரத்தில் ஏதோ ஒரு மலை. எங்கள் ஊரில் யாருக்கும் அந்தப் பேர் வாயில் நுழையாததால் ‘ஜூலி’ ஆக்கிவிட்டோம். அவளைக் கேட்கவில்லை. பெரம்பலூரில் ஒரு பியூட்டி பார்லருக்கு வேலைக்கு வந்தவள், பிறகு எங்கள் கடைவீதியில் சொந்தமாகச் சின்னதாய் ஒரு பார்லர் போட்டாள்.

அவள் வருவதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்களின் புருவங்கள் ஆண்டவன் விட்ட நிலையிலேயே இருந்தன. அவள் வந்த ஒரே வருஷத்தில், நாங்கள் அத்தனை பேரும் எப்போதும் எதற்கோ ஆச்சரியப்படுகிற மாதிரி ஆகிவிட்டோம்.

தமிழை அவள் பார்லர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லிக்கொடுத்த ஒரே இலக்கணம், எதற்கும் ஒரு ‘ங்க’ சேர்த்துவிட வேண்டும் என்பது. அவளும் குறை வைக்கவில்லை. ‘கண்ண மூடுங்க’ — சரி. ‘வலிக்குதாங்க’ — சரி. ஒரு தடவை மாடியிலிருந்து, ‘அக்கா, பூனை வந்துட்டாங்க, பால் குடிச்சிட்டாங்க’ என்று குரல் கொடுத்தாள். அந்தப் பூனைக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கொரோனா வந்தது.

எல்லோரும் மாஸ்க் போட்டோம். மாஸ்க் போட்டால் கண் மட்டும்தானே வெளியே தெரியும்? எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கண்ணே போதுமானதாக இருந்தது. டிவியில் சீனாவைக் காட்டுகிறார்கள். மாடியில் ஜூலி இருக்கிறாள். கணக்கு முடிந்தது.

பால்காரர் அவளுடைய பாக்கெட்டைத் தெருமுனையில் மைல்கல் மேல் வைத்துவிட்டுப் பறந்தார். ரோட்டில் போகிறவர்கள் அவள் காதுபடவே ‘கொரோனா போவுது பாரு’ என்றார்கள். மளிகைக்கடை செல்வராசு, அவள் படியேறினாலே ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடுவார். அவர் தலைக்குப் பின்னாலேயே துவரம்பருப்பு மூட்டை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அவள் பருப்பைப் பார்ப்பாளாம். அவரும் திரும்பிப் பார்ப்பாராம். மறுபடியும் ஸ்டாக் இல்லை என்பாராம்.

அதே சமயத்தில் என் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கினார். கவனியுங்கள் — இவர்தான் விமானத்தில் வந்தவர். வந்ததிலிருந்து இருமல் வேறு. வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர் அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினார். தெருவில் வீட்டுக்கு வீடு சாக்லேட்டும் தைல டப்பாவும் கொடுத்தார். அவர் இருமியபடியே தைலத்தைக் கொடுக்க, தெருவே வாங்கி நெற்றியில் தடவிக்கொண்டது.

நான் மட்டும் என்ன யோக்கியம்? முன்பெல்லாம் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்குப் போகும். கொண்டுபோய் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிவிட்டு வருவேன். கொரோனா வந்ததும் கிண்ணத்தை மூன்றாம் படியில் வைத்துவிட்டு, ஒரு குரல் கொடுத்துவிட்டு, உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சமூக இடைவெளி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே நாள் மத்தியானம் மச்சினரோடு ஒரே பாயில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்தேன்.

இந்த லட்சணத்தில், ஒருநாள் காலைத் தபாலில் என் மேஜைக்கு இரண்டு காகிதங்கள் வந்தன.

முதலாவது ஒரு மனு. எங்கள் தெருக்காரர்கள் எழுதியது. நோய் பரவும் அபாயம் இருப்பதால் மாடியில் குடியிருக்கும் சீனப் பெண்ணை உடனடியாக ஊரை விட்டு அனுப்ப வேண்டுமாம். கீழே வரிசையாகக் கையெழுத்துகள். மூன்றாவது கையெழுத்து எனக்கு மிகவும் பழக்கமானது.

என் வீட்டுக்காரருடையது.

சாயங்காலம் கேட்டேன். கபசுரக் குடிநீர் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள் என நினைத்தாராம். இந்த மனிதர் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணப் பதிவு உட்பட.

இரண்டாவது காகிதம் சர்க்குலர். டெல்லியில் கிளம்பி, சென்னையில் இறங்கி, அங்கங்கே ரப்பர் ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. வடகிழக்கு மாநிலத்தவர்களை முகத்தைப் பார்த்து கொரோனாவோடு சேர்த்துப் பேசுவது, ஒதுக்குவது, வீட்டை விட்டு அனுப்புவது எல்லாம் கூடாது. மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள் என்று ரிப்போர்ட் அனுப்புங்கள் — இதுதான் சாராம்சம். நல்ல சர்க்குலர். உண்மையிலேயே நல்ல சர்க்குலர்.

எங்கள் செயல் அலுவலரும் நல்ல மனிதர்தான். ரிப்போர்ட் என்ற வார்த்தையைக் கேட்டால் மட்டும் அவருக்கு வியர்க்கும். உடனே மைக் கட்டிய ஆட்டோவில் ஊர் முழுக்க அறிவிப்பு செய்யச் சொன்னார். வாசகத்தை நான் எழுதினேன். ‘வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த நமது சகோதர சகோதரிகளை’ என்று ஆரம்பித்து, உணர்ச்சியோடு ஒரு பக்கம். ஆட்டோவில் அறிவிக்கிறவருக்கு அதை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அதனால் செயல் அலுவலர் சிவப்பு மையால் வெட்டினார். மாநிலம் போயிற்று. சகோதர சகோதரிகள் போனார்கள். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: ‘வடகிழக்கில் வசிப்பவர்களை யாரும் ஒதுக்கக் கூடாது. மீறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.’

அன்றைக்கு நாள் பூராவும் ஆட்டோ சுற்றியது.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் ஒரு கூட்டம். இடைவெளி விட்டு, மாஸ்க் போட்டு, ஒழுங்காக நின்றிருந்தார்கள். ஏரிக்கரைத் தெருக்காரர்கள். முன்னால் நின்றது சின்னப்பொண்ணு — அந்தத் தெரு மகளிர் குழுத் தலைவி. ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பங்கள். இப்போது அந்தத் தெருவில் நர்ஸ் இருக்கிறார், லைன்மேன் இருக்கிறார், சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர் இருக்கிறார். எல்லாம் மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. குழாயில் தண்ணீர் கடைசியாகத்தான் அந்தத் தெருவுக்குப் போகும். பல நாள் போகாது.

இதில் விசேஷம் என்னவென்றால், ஏரிக்கரைத் தெரு எங்கள் ஊருக்கு அச்சு அசலான வடகிழக்கு மூலை.

“எங்கள ஒதுக்கக் கூடாதுன்னு கவர்மெண்டே மைக்ல சொல்லிட்டுங்க” என்றார் சின்னப்பொண்ணு. “இனிமே தண்ணிய மொதல்ல எங்க பக்கம் தொறந்து வுடுங்க.”

செயல் அலுவலர் நெற்றியைத் துடைத்தார். “அம்மா, இது அந்த வடகிழக்கு இல்லம்மா.”

“வடகிழக்குல எத்தினி வடகிழக்கு சார் இருக்கு?”

அவர் மறுபடியும் நெற்றியைத் துடைத்தார். இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

அவர்கள் நகர்வதற்குள் பள்ளிக்கூடத் தெருவிலிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் அவர்கள் தெருதான் வடகிழக்காம். சாட்சிக்கு ஒரு வாஸ்து நிபுணரைக் காம்பஸோடு அழைத்து வந்திருந்தார்கள். அவர் ஈசானிய மூலையை எங்கிருந்து அளக்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். செயல் அலுவலர் ரிக்கார்டு ரூமுக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். ‘உங்களைச் சொல்லவில்லை’ என்று அவர்களிடம் சொன்னால் அறிவிப்பு தப்பு என்று ஆகும். அறிவிப்பு தப்பு என்றால் அதற்கு ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும். அதற்கு, தண்ணீரைத் திறந்துவிடுவது சுலபம். ரிக்கார்டு ரூமுக்குள்ளிருந்தே போன் போட்டு, தினமும் முதலில் ஏரிக்கரைத் தெருவுக்குத் திறக்கும்படி உத்தரவிட்டார்.

கிளம்பும்போது சின்னப்பொண்ணு என் மேஜைக்கு வந்தார். அப்படியானால் சர்க்குலர் நிஜமாகவே யாரைச் சொல்கிறது என்று கேட்டார். எங்கள் மாடி ஜூலியைத்தான் என்றேன். பால், மளிகை, மனு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது கையெழுத்தைத் தவிர. கடையில் கையில் படாமல் சாமான் போடுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் அவர் மாடிக்கே ஏறிப்போய் ஸுவாலியைக் கூட்டிக்கொண்டு செல்வராசு கடைக்குப் போனார். பின்னால் குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். நானும் பருப்பு வாங்குகிற சாக்கில் போய் நின்றேன். செல்வராசு வழக்கம்போல ஸ்டாக் இல்லை என்று ஆரம்பித்தார்.

சின்னப்பொண்ணு குரலை உயர்த்தவே இல்லை. “எங்க தெரு மொத்தமும் ஒங்கிட்டதான் சாமான் வாங்குறோம், செல்வராசு. இதுவும் எங்க வடகிழக்குப் பொண்ணுதான். இதுக்கு ஸ்டாக் இல்லன்னா எங்க யாருக்கும் ஸ்டாக் வேணாம்.”

செல்வராசு மெதுவாகத் திரும்பி, பின்னாலிருந்த துவரம்பருப்பு மூட்டையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நேற்று சாயங்காலம்தான் லோடு வந்தது என்றார். இரண்டு கிலோ நிறுத்தார். கையிலேயே கொடுத்தார்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். நான் முடியவிடவில்லை.

ரிப்போர்ட் படிவத்தில், ‘தங்கள் பகுதியில் உள்ள வடகிழக்கினர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம். எழுத வேண்டியது ஒன்று. ஆனால் என் மேஜையில் ஏரிக்கரைத் தெருக்காரர்கள் கொடுத்திருந்த தண்ணீர் மனுவும், தெருவில் எத்தனை பேர் என்ற கணக்கோடு, அதே கிளிப்பில் கிடந்தது. இந்த இரண்டு நாள் அமளியில் வடகிழக்கு என்றாலே எனக்கு ஏரிக்கரைதான். இருநூற்றுப் பதினெட்டு என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மேலே ஓர் ஆபீஸில் யாரோ நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். இவ்வளவு சின்ன ஊரில் இருநூற்றுப் பதினெட்டு பேரா? இரண்டாம் நாள் ஒரு ஜீப் வந்தது. அதில் ஓர் அதிகாரி. பின்னால் வேனில் அரிசி மூட்டைகள். கூடவே இந்தி பேச, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதார்.

நேராக ஏரிக்கரைத் தெருவுக்குப் போனார்கள். நானும் செயல் அலுவலரும் பின்னால் ஓடினோம். சுண்ணாம்பில் வட்டம் போட்டு அத்தனை பேரும் அவரவர் வட்டத்தில் நின்றிருந்தார்கள். அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “இவங்க எல்லாருமா?” என்றார். “வடகிழக்குதான் சார்” என்றார் செயல் அலுவலர். அந்தக் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சுபேதார் தாமதிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, பயப்படாதீர்கள், தேசம் உங்களோடு இருக்கிறது என்கிற தோரணையில் நீளமாக இந்தியில் பேசினார். சின்னப்பொண்ணு கேட்டுவிட்டு என்னிடம் ரகசியமாக, இவர் எதற்காக நம்மை வைகிறார் என்றார்.

வேறு வழியில்லை. நான் ஓடிப்போய் ஸுவாலியை அழைத்து வந்தேன். அவளைப் பார்த்ததும் சுபேதார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவளிடம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் கைகட்டி, தலையாட்டி, முழுவதும் மரியாதையாகக் கேட்டாள்.

“சார், தமிழ்ல சொல்லுங்க சார். எனக்கு இந்தி வராதுங்க.”

நல்லவேளை, முதலில் சிரித்தது அதிகாரிதான். பிறகு தெருவே சிரித்தது. செயல் அலுவலர் மட்டும் அழுகிற மாதிரி இருந்தார். கொண்டுவந்த அரிசியைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் அதற்குப் பதினோரு காகிதம் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார் அதிகாரி.

ரிப்போர்ட்டோடு இணைத்து அனுப்பியிருந்த தெருக்காரர்கள் மனுவையும் கையோடு விசாரித்துவிடுவதாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஆள் போயிற்று. எல்லோரும் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

அதிகாரி அவரைப் பார்த்து, “நீங்க மனு குடுத்தவரா, வீட்டு ஓனரா?” என்றார்.

“ரெண்டும் நாந்தாங்க.”

“அப்ப உங்க மேலயே நீங்க புகார் குடுத்திருக்கீங்க.”

“ஆமாங்க” என்றார் இவர், ரொம்பப் பணிவாக.

அதிகாரி ஸுவாலியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவள் முதலில் வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு, “நான் சைனா போனதே இல்லைங்க. அரியலூரே ரெண்டு தடவதான் போயிருக்கேங்க” என்றாள்.

மறுபடியும் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

“இந்த ஊர்ல எல்லா அக்கா மொகமும் நான் தொட்டிருக்கேங்க. அப்ப யாரும் பயப்படலைங்க. இப்ப பால் பாக்கெட் கூட கல்லு மேல வச்சிட்டு ஓடுறாங்க. அது நல்லா இல்லைங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களின் மனைவிமார் நாலைந்து பேர் பின்னால் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் அவள் திருத்திய புருவம். ஒன்றுகூட நிமிரவில்லை. எனக்கு அந்த மூன்றாம் படியில் வைத்த கிண்ணம் ஞாபகம் வந்தது.

மனு திரும்பப் பெறப்பட்டது. அதற்கும் கையெழுத்துப் போட வேண்டும் இல்லையா? என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டார். அவர் முழுதாகப் படித்த முதல் அரசாங்கக் காகிதம் அதுதான்.

அன்று சாயங்காலம் நானே மாடி ஏறினேன். மாஸ்க் போட்டுக்கொண்டுதான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். உன் பேரைச் சரியாக ஒருமுறை சொல்லு என்றேன். சொன்னாள். திருப்பிச் சொன்னேன். இல்லைங்க என்றாள். ஏழாவது தடவைதான் ஒத்துக்கொண்டாள்.

மச்சினருக்கு அந்த வாரமே பாசிட்டிவ் வந்தது. தைலம் வாங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் வந்தது. எனக்கும்தான். நல்லபடியாக எல்லோரும் தேறிவிட்டோம். பதினாலு நாளும் எங்கள் கதவுக்கு வெளியே கஞ்சி வைத்துவிட்டுப் போனவள் ஸுவாலி. வைத்துவிட்டு ஓடவில்லை. எட்டி நின்று, நான் எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை பேசிக்கொண்டிருப்பாள்.

இந்த மாதிரி சர்க்குலர்களால் என்ன பிரயோஜனம் என்று பலர் கேட்பார்கள். ஆபீஸில் இருந்தவரை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அது வராமல் போயிருந்தால் என் மேஜையில் அந்த மனு மட்டும்தான் இருந்திருக்கும். நாங்கள் அதைத் தப்பாகப் படித்தோம், தப்பாக அறிவித்தோம், தப்பாகக் கணக்கு எழுதினோம். இத்தனை தப்புக்கு நடுவிலும் ஒரு பெண்ணுக்குப் பருப்பும் ஒரு தெருவுக்குத் தண்ணீரும் கிடைத்தன. சரியாகச் செய்திருந்தால் இவ்வளவு நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஸ்பெஷல் ரயில் விட்டதும் ஸுவாலி ஊருக்குப் போனாள். இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஏழெட்டு மாதத்தில் பெட்டியோடு வந்து நின்றாள். மறுநாளே பார்லரைத் திறந்தாள். முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா அப்பாவோடு நிம்மதியாக இருந்திருக்கலாமே, இங்கே பட்டது போதாதா என்று கேட்டேன்.

அவள் நூலை வாயில் கவ்வியபடியே சொன்னாள். ஊரில் இறங்கியதும் பள்ளிக்கூடத்தில் தனியாக அடைத்து வைத்தார்களாம். வெளியே விட்ட பிறகும் கடைக்காரர் பக்கத்தில் சேர்க்கவில்லையாம். தெருவில் போனால் சின்னதும் பெரிசுமாகப் பின்னால் கூப்பிடுவார்களாம்.

“என்னன்னு?” என்றேன்.

“‘தமிழ்நாட்டுக் கொரோனா’ன்னுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நம்மைப் போய் அப்படிச் சொல்லலாமா?